இருபத்தெட்டு அங்குலத்தில் ஒரு பயணம்

விமானத்தில் ஒரு சீட்டின் முதுகுக்கும் அதற்கு முன்சீட்டின் முதுகுக்கும் உள்ள தூரம், 1970-களின் எகானமி வகுப்பில் 34, 35 அங்குலம் வரை இருந்தது. இன்று 30, 31 என்பதே சாதாரணம். மலிவுக் கட்டண விமானங்கள் சிலவற்றில் 28-தான்.

இதன் நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏ320 விமானத்தில் ஒரு வரிசை கூடினால் ஆறு டிக்கெட் கூடும். எரிபொருள் செலவு அந்த அளவுக்கு ஏறாது. கட்டணம் இறங்கியதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. ரயிலில் இரண்டு இரவு அலுங்கிப் போன குடும்பங்கள் இன்று மூன்று மணி நேரத்தில் ஊர் சேர்கின்றன. இதைச் சிறுமைப்படுத்த எனக்கு மனம் வராது. சீட் முதுகை மெலிதாக்கி, அதன் பின்னால் உள்ள பத்திரிகைப் பையை மேலே ஏற்றி, முழங்காலுக்குக் கொஞ்சம் இடத்தை மீட்டும் தந்திருக்கிறார்கள். குறுகிய பயணங்களுக்குச் சாயாத சீட்டையும் நான் வரவேற்கிறேன். முன்னால் இருப்பவர் படாரெனச் சாய, பின்னால் இருப்பவர் மடியில் காபி கொட்டும் தொல்லை அதில் இல்லை.

தோளுக்கு இப்படி எந்த வித்தையும் கைகொடுக்காது. போயிங் 777-இல் முன்பு வரிசைக்கு ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். அதே உடற்பகுதிக்குள் பல நிறுவனங்கள் பத்தாவது சீட்டைச் செருகின. சீட்டின் அகலம் 17 அங்குலத்துக்கு வந்தது. நடுசீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டு வந்ததும் முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் அசைத்துச் சாப்பிடுகிறார். ஜன்னலோரம் இருப்பவரோ, இருவரை எழுப்ப வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமலே காலத்தை ஓட்டுகிறார். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், காலில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் எச்சரித்தது.

அமெரிக்க நாடாளுமன்றம் 2018-இல், சீட்டுக்குக் குறைந்தபட்ச அளவை ஓராண்டுக்குள் நிர்ணயிக்கும்படி சட்டம் இயற்றியது. கெடு முடிந்தும் அளவு வரவில்லை. சீட்டுகளின் நெருக்கம் அவசரத்தில் வெளியேறுவதைத் தாமதப்படுத்துமா என்பதை அறிய அங்கே சோதனைகள் நடந்தன. கலந்துகொண்டவர்கள் 60 வயதைத் தாண்டாத, உடல்நலமுள்ள பெரியவர்கள். முழங்கால் வலியோடு எழும் பாட்டியும் கைக்குழந்தையோடு நிற்கும் தாயும் அதில் இல்லை. அப்படியொரு சோதனையை வைத்து 28 அங்குலம் பாதுகாப்பானது என்று தீர்ப்பு எழுத முடியாது.

எனக்கு ஆறாத வருத்தம் வேறொன்று. வரிசைகளை நெருக்கிப் பறித்த இடத்தையே, 'கூடுதல் கால் இடம்' என்று தனிக் கட்டணத்துக்கு நம்மிடம் விற்கிறார்கள். உயரமானவருக்கும் பருமனானவருக்கும் அது சொகுசு அல்ல, தேவை. கைப்பிடிக்காகப் பக்கத்துப் பயணியோடு முறைத்துக்கொள்வதில் பயன் இல்லை. அவரும் நம்மைப் போலவே நெருக்கப்பட்டவர். அகலம், இடைவெளி இரண்டுக்கும் சட்டம் ஒரு கீழ்வரம்பு போடட்டும். அதனால் கட்டணம் சற்று ஏறினாலும் ஏற்கலாம். அதுவரை, டிக்கெட் விலைக்குப் பக்கத்திலேயே சீட்டின் அகலத்தையும் வரிசை இடைவெளியையும் அங்குலத்தில் அச்சிடச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.