உதவித் தலைமையாசிரியரின் கலை

ஆரணிக்கு அருகே, சுமார் 16 மீட்டர் உயரமுள்ள தீர்த்தங்கரர் நேமிநாதரின் சிலை நிற்கும் திருமலையில், ராஜராஜ சோழனின் தமக்கை பெயரால் குந்தவை ஜினாலயம் விளங்குகிறது. உணவு, மருந்து, அபயம் ஆகியவற்றோடு சாஸ்திரத்தையும் தானமென்று வகுத்த சமணர்களின் இந்தப் புண்ணியத் தலத்தை நினைக்கும்போதெல்லாம், அந்தக் கல்வித் தானத்தின் தொடர்ச்சியாக நம் மேல்நிலைப் பள்ளிகளில் உதவித் தலைமையாசிரியர் ஆற்றும் பணியை மனமாரப் போற்றத் தோன்றுகிறது.

1978-இல் மேல்நிலை வகுப்புகள் பள்ளிகளில் தொடங்கியபின் இப்பணி விரிவடைந்தது. கணித ஆசிரியர் ஒரே வேளையில் இரு வகுப்புகளுக்குத் தேவைப்படாமலும், ஆய்வகத்துக்கு அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகள் வாய்க்கும்படியும், உண்ட மயக்கமும் வெயிலும் சேரும் பிற்பகலில் கடினமான பாடங்களே குவிந்துவிடாமலும் உதவித் தலைமையாசிரியர் வகுக்கும் கால அட்டவணையில், ஆரணித் தறியில் ஏற்றிய பட்டுப் பாவின் நேர்த்தி உண்டு.

ஆயினும் இக்கலையின் உன்னதம் வேறிடத்தில் இருக்கிறது. புதிய ஆசிரியரின் வகுப்பில் கடைசிப் பெஞ்சில் அமைதியாக அமர்ந்து, அவருடைய பேச்சைவிடப் பிள்ளைகளின் முகங்களையும் நோட்டுகளையும் உற்றுக் கவனித்து, பின்னர் தனிமையில், “சார், கேள்வி கேட்டவுடன் நீங்களே பதிலும் சொல்லிவிடுகிறீர்கள், சற்றுப் பொறுத்திருந்தால் அந்த ஓரத்துப் பையன் சொல்லியிருப்பான்” என்று குறைகாணும் தொனி சிறிதுமின்றி எடுத்துரைப்பது, எந்தச் சுற்றறிக்கையாலும் செய்ய இயலாத உபகாரம். இவ்வளவையும் தமக்குரிய பாடங்களைச் சிரத்தையோடு நடத்திக்கொண்டே அவர் செய்கிறார் என்பதை ஊரார் பலர் அறிவதில்லை.