தோண்டத் தோண்டக் கொண்டாட்டம்

பிள்ளைகளுக்குத் தொல்லியலில் ருசி ஏற்படுத்த வேண்டுமா? கண்ணாடிப் பெட்டி முன்னால் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். கையில் கொத்துக்கரண்டியைக் கொடுத்துக் குழிக்குள் இறக்கிவிடுங்கள்! தெற்கு அந்தமானின் பாம்பூஃப்ளாட்டில் எங்கள் தெருக்காரர்கள் லீவு நாளில் நடத்திய மாதிரி அகழாய்வைப் பார்த்ததிலிருந்து, எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் சலித்துவிட்டது, எனக்குச் சலிக்கவில்லை.

நிஜமான தொல்லியல் இடத்தில் நாம் கைவைக்கக் கூடாது. ஆனால் மாதிரிக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. இதே தெற்கு அந்தமானில், சௌல்தாரியில் ஒரு சிப்பிமேடு உண்டு. பழங்குடிகள் தின்றுவிட்டு எறிந்த மட்டியும் சிப்பியும் சங்கும் தலைமுறை தலைமுறையாகக் குவிந்து எழுந்த மேடு. தொல்லியலாளர் ஜரீன் கூப்பர் 1980களில் அதை ஆராய்ந்தார். கரிமக் கணக்கில் அதன் வயது 2200 ஆண்டுகளுக்குக் குறையாது. கீழடியில் யாரோ பானையில் தன் பெயரைக் கீறிக்கொண்டிருந்த காலத்தை ஒட்டி, இங்கே யாரோ சிப்பி தின்றுவிட்டு ஓட்டை வீசியிருக்கிறார். அடடா, என்ன அருமையான குப்பை!

அந்த மேட்டை மனதில் வைத்துத்தான் முந்தின நாளே குழியை நிரப்பியிருந்தார்கள். அடியில் சிப்பி, அதற்குமேல் பன்றி எலும்பும் பானை ஓடும், பிறகு முனை மழுக்கிய பாட்டில் சில்லுகள். 1858இல் வெள்ளைக்காரர்கள் இங்கே குடியேற்றம் அமைத்த பிறகு, பழங்குடிகள் அவர்களுடைய பாட்டில்களை உடைத்துச் சில்லு எடுத்துத் தலைமுடி மழித்தார்கள். இதைக் கேட்டதும் பையன்கள் எல்லோரும் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

கயிறு கட்டிச் சதுரம் பிரித்து, குடும்பத்துக்கு ஒரு சதுரம். வெட்டக் கூடாது, சுரண்ட வேண்டும். ஏதாவது தட்டுப்பட்டால் பிடுங்கக் கூடாது. பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளி, டேப் வைத்து ஆழம் அளந்து, நோட்டில் எழுதிய பிறகுதான் எடுக்கலாம். அள்ளிய மண் சல்லடைக்குப் போகும். மொபைலை ஐந்து நிமிஷம் கீழே வைக்காத பிள்ளைகள், ஒரு பானை விளிம்புக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்! சற்று நேரத்தில் அவர்களை ஒதுக்கிவிட்டு அப்பாக்களே குழிக்குள் இறங்கிவிட்டது தனிக் கூத்து.

எனக்கு மிகவும் பிடித்தது கண்ணாடிச் சில்லுக்கு மேலே போட்டிருந்த ஒரு சாண் கடல்மணல்.

"பாட்டி, நடுவுல மட்டும் எதுக்குக் கடல்மண்ணு?" என்று தன் பாட்டியிடம் கேட்டாள் பக்கத்து வீட்டுச் சிறுமி.

அவ்வளவுதான், குழியைச் சுற்றி நின்ற பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். தெற்கு அந்தமானில் நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்துபோனது, வயலுக்குள் கடல் புகுந்தது, யார் எந்த மேட்டுக்கு ஓடினார்கள் என்பது வரை. அதையும் அவள் ஆழத்தோடு நோட்டில் குறித்துக்கொண்டாள். அதற்கு மேல் இருந்ததெல்லாம் பிளாஸ்டிக் மூடியும் ஷாம்பு பாக்கெட்டும், நம்முடைய அடுக்கு!

அடுத்து, படகேறி சாத்தம் போய் ஃபீனிக்ஸ் பே மானுடவியல் அருங்காட்சியகம். முன்பெல்லாம் பத்து நிமிஷத்தில் 'போலாம்ப்பா' என்று இழுக்கும் என் மகன், ஒவ்வொரு பொருளுக்கும் "இது எத்தனை அடி ஆழத்துல கெடச்சது?" என்று துளைத்துவிட்டான்.

செலவா? கரண்டியும் சல்லடையும் தெரிந்த கொத்தனாரிடம் இரவல், சிப்பி மீன்கடையில் ஓசி. அடுத்த குழியில் ஓரச் சதுரத்துக்கு நான் இப்போதே துண்டு போட்டுவிட்டேன். பிள்ளைகள் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.