ஒரு தாள், ஒரு பாடம்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ நிஸான் வந்தது. சுற்றிலும் உதிரிபாகக் கம்பெனிகள் பெருகின. இப்படிப்பட்ட தொழிற்சாலைகளில் மெஷின் பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கும் ஏ4 தாளை வெளியாட்கள் கவனிப்பதில்லை. ‘ஒன் பாயிண்ட் லெசன்’ என்பார்கள். ஜப்பானில் 1970-களில் பரவிய டிபிஎம் பராமரிப்பு முறையோடு வந்த வழக்கம்.

கட்டுப்பாடுதான் அதன் அழகு. ஒரு தாள், ஒரே விஷயம், ஐந்து பத்து நிமிஷத்தில் சொல்லி முடிக்க வேண்டும். ஒரு பக்கம் தவறான படம், பெருக்கல் குறி. மறுபக்கம் சரியான படம், டிக். எழுதுபவர் பல இடங்களில் அந்த மெஷினில் நிற்கும் ஆபரேட்டரேதான். ‘போல்ட்டைச் சரியாக இறுக்கவும்’ என்றால் யாருக்குப் பயன்? டார்க் ரெஞ்ச் ‘கிளிக்’ என்றதும் நிறுத்தச் சொல்லிப் படமும் போட்டால், ஒடிசாவிலிருந்து நேற்று வந்த பையனுக்கும் புரியும்.

அடியில், படித்தவர் கையெழுத்து. அது வெறும் சடங்காகிவிடும் இடங்களும் உண்டு. நல்ல சூப்பர்வைசர் கையெழுத்தை நம்பமாட்டார். “செஞ்சு காட்டுப்பா, ஏன்னும் சொல்லு” என்பார். 1940-களில் அமெரிக்கா போர்க்காலத் தொழிற்பயிற்சிக்கு வகுத்த நான்கு படிகளில் மூன்றாவது இதுதான். கை எங்கே தயங்குகிறதோ, தாளில் குறை அங்கே. பிறகு அம்புக்குறி இடம் மாறும், படம் பெரிதாகும், மூலையில் திருத்த எண் ஒன்று கூடும். எனக்குப் பிடித்தது அந்த எண். பல வருஷமாகப் பூஜ்யத்திலேயே நிற்கும் தாளை யாரும் படிக்கவில்லையோ என்று சந்தேகம்தான் வருகிறது.