கையும் மொழியும்: கே. ஜி. சுப்பிரமணியனின் கலைப்பணியும் தஞ்சோங் மாலிம் எழுப்பும் வினாவும்

முன்னுரை

ஓவியர் ஒருவர் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் விளங்கும்போது, அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு பட்டியல்களைத் தருவர். ஒன்று அவர் படைத்தவற்றின் பட்டியல்; மற்றொன்று அவர் வகித்த பதவிகளின் பட்டியல். இவ்விரண்டுக்கும் இடையிலான உறவு யாது என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. படைப்பதே கலைஞரின் உண்மைப்பணி, கற்பித்தல் அவருக்கு வாழ்வாதாரம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருப்பதே இதற்குக் காரணம் எனலாம். கே. ஜி. சுப்பிரமணியன் என அறியப்பட்ட கல்பாத்தி கணபதி சுப்பிரமணியனின் (1924–2016) வாழ்க்கை இவ்வெண்ணத்துக்கு வலுவான மறுப்பாக அமைகின்றது. இந்திய நவீனக் கலையின் பேராளுமைகளுள் ஒருவரான இவர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவராயினும், தமிழ் ஆய்வுலகில் மிகக் குறைவாகவே பேசப்பட்டுள்ளார். இவருடைய ஆசிரியப் பணியையும் கலைப்பணியையும் ஒரே தேடலின் இரு முகங்களாகக் காண்பதும், அத்தேடல் மலேசியத் தமிழ்க் கல்விச் சூழலுக்கு, குறிப்பாகத் தஞ்சோங் மாலிமில் உருவாகும் ஆசிரியர்களுக்கு, எவ்வகையில் பொருந்தும் என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

ஒரே காலத்து இரு நிறுவனங்கள்

பேரா மாநிலத்தின் தென்னெல்லையில் உள்ள தஞ்சோங் மாலிமில் 1922ஆம் ஆண்டு சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. மலாய்ப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்குவது அதன் பணி. அக்கல்லூரியின் பாடத்திட்டத்துக்கு அடித்தளமாக அமைந்தது ஆர். ஓ. வின்ஸ்டெட் 1917இல் அளித்த அறிக்கை. ஜாவாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் சென்று அங்குள்ள கல்விமுறையைக் கண்டு வந்த அவர், கூடை முடைதல் முதலிய கைத்தொழில்களுக்கும் தோட்டக்கலைக்கும் பள்ளிகளில் முதன்மை இடம் தரவேண்டும் எனப் பரிந்துரைத்தார். மீனவர் மகன் சற்றே மேம்பட்ட மீனவனாகவும் உழவர் மகன் சற்றே மேம்பட்ட உழவனாகவும் இருந்தால் போதும் என்னும் குடியேற்ற ஆட்சியின் கொள்கையே இதன் பின்புலம் ஆகும். கைவினை அங்கு மாணவனை அவன் நிலையிலேயே நிறுத்திவைக்கும் கருவியாகக் கருதப்பட்டது.

அதே காலப்பகுதியில் வங்காளத்தில் இரவீந்திரநாத் தாகூரும் கைவினையைக் கல்விக்குள் கொண்டுவந்தார். சாந்திநிகேதனில் கலாபவனம் 1919இல் தோன்றியது. அதன் அருகே ஊரகச் சீரமைப்புக்கான ஸ்ரீநிகேதன், தஞ்சோங் மாலிம் கல்லூரி திறக்கப்பட்ட அதே 1922ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. நந்தலால் போஸின் தலைமையில் கலாபவன மாணவர்கள் ஓவியத்தோடு அல்பனா என்னும் தரைக்கோலத்தையும் சுவரோவியத்தையும் துணிவேலையையும் பயின்றனர். அங்குக் கைவினை சிந்தனையின் ஒரு வடிவமாக மதிக்கப்பட்டது. கை செய்வதை மனம் அறிந்துகொள்கிறது. மனம் அறிந்ததைக் கை மீண்டும் சோதிக்கிறது என்பதே அக்கல்வியின் உட்கருத்து.

ஆக, ஒரே பயிற்சி இரு இடங்களில் இருவேறு பொருள் பெற்றது. முடைவதும் வனைவதும் அடக்கியாள்வதற்கும் உதவும், விடுவிப்பதற்கும் உதவும் என்பது இவ்விரு நிறுவனங்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது புலனாகின்றது. மாணவனை நிலத்தோடு கட்டிவைக்க எண்ணிய தஞ்சோங் மாலிம் கல்லூரியே பிற்காலத்தில் மலாய்த் தேசிய எழுச்சியின் நாற்றங்கால்களுள் ஒன்றாயிற்று என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது. கல்வித் திட்டம் வகுப்போர் நினைப்பதைக் காட்டிலும் கற்போர் அதனை எவ்வாறு கைக்கொள்கின்றனர் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. தாகூர் 1927இல் மலாயா வந்து, ஈப்போ உள்ளிட்ட நகரங்களில் உரையாற்றி, தம் விசுவபாரதிக்கு ஆதரவு திரட்டினார். அவருடன் வந்தோருள் கலாபவனத்தைச் சேர்ந்த சுரேந்திரநாத் கரும் ஒருவர். அவ்வகையில், சாந்திநிகேதனின் கலைக்கல்விச் சிந்தனை இந்நாட்டுக்கு முற்றிலும் அயலானது அன்று.

மாணவரும் ஆசிரியரும்

சுப்பிரமணியன் 1924இல் வடகேரளத்தின் கூத்துப்பறம்பில் பிறந்தார். பாலக்காட்டுக் கல்பாத்தியைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பம் அவருடையது. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், அருகில் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்த மாஹே என்னும் சூழலில் வளர்ந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்றபோது வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அதனால் அரசுக் கல்லூரிகளின் கதவுகள் அவருக்கு அடைபட்டன. 1944இல் சாந்திநிகேதன் சேர்ந்து நந்தலால் போஸ், பினோத் பிகாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் ஆகியோரிடம் 1948 வரை பயின்றார்.

1951இல் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தில் விரிவுரையாளரானார். அப்புலம் தொடங்கப்பட்டு ஓராண்டே ஆகியிருந்தது. 1955–56இல் இலண்டன் ஸ்லேட் கலைப்பள்ளியில் பயின்றார். 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பொறுப்பில் இருந்தார். 1980இல் தாம் பயின்ற கலாபவனத்துக்கே பேராசிரியராகத் திரும்பினார்.

இக்குறிப்புகளுள் கைத்தறி வாரியப் பணியே பலரால் கவனிக்கப்படாது விடப்படுகின்றது. இலண்டனில் பயின்று வந்த ஓவியர் ஒருவர் நெசவாளரோடு பணியாற்றச் செல்வது இறக்கமாகவே அன்று பலருக்குத் தோன்றியிருக்கக்கூடும். ஆனால் அவருடைய பிற்காலக் கலைக்கும் கற்பித்தலுக்கும் அதுவே திறவுகோல். இழை எங்கு வளையும், எங்கு வளையாது என்பதை நெசவாளர் அறிவர்; அவ்வறிவு நூலில் இல்லை, விரலில் உள்ளது. கலைஞர் ஒருவர் பொருளின் மீது தம் கருத்தைச் சுமத்துவதைவிட, பொருள் எதைச் சொல்ல இயலும் என்பதைக் கேட்டறிதல் வேண்டும் என்னும் நிலைப்பாடு இங்கு உறுதிப்பட்டது என்பது எம் கருத்து.

பரோடாவில் ஆண்டுதோறும் நடைபெற்ற கலைச்சந்தையை இதற்குச் சான்றாகக் கூறலாம். ஆசிரியரும் மாணவரும் மரத்தாலும் துணியாலும் மணியாலும் பொம்மைகள் செய்து பொதுமக்களுக்கு விற்றனர். சுப்பிரமணியன் செய்த பொம்மைகள் இன்று அருங்காட்சியகப் பொருள்களாக மதிக்கப்பெறுகின்றன. அன்றோ அவை குழந்தைகள் கையில் எடுத்து விளையாடக்கூடியவை. கலைக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் இடையிலான சுவரை இவ்வாறு மெல்லத் தகர்த்தது, கட்டுரை எழுதி வாதிடுவதைக் காட்டிலும் வலுவான பாடமாகும்.

ஆசிரியரின் தகுதியை மாணவர்களின் படைப்புகளைக் கொண்டும் மதிப்பிடலாம். சுவரோவிய வகுப்பில் அவரிடம் பயின்ற மிருணாளினி முகர்ஜி, சணல் கயிற்றை முடிச்சிட்டு முடிச்சிட்டு ஆளுயர உருவங்களை எழுப்பினார். லக்ஷ்மா கௌட் தெலங்கானாக் கிராமத்தின் உடல்களையும் வேட்கைகளையும் செதுக்கோவியத்தில் வடித்தார். இவ்விருவருள் எவருடைய படைப்பும் ஆசிரியருடையதைப் போல் இல்லை. குருவின் கைவரிசையைச் சீடர் மீளச் செய்தலே மரபு என எண்ணும் நமக்கு இஃது ஒரு பாடம். அவர் அளித்தது ஒரு பாணியன்று; பாணியைத் தாமே கண்டடைவதற்கான இலக்கணம்.

படைப்புகளில் வெளிப்படும் மொழிக்கொள்கை

கலையை ஒரு மொழியாகக் காண்பதே சுப்பிரமணியனின் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் கருத்து. 1978இல் ‘மூவிங் ஃபோகஸ்’, 1987இல் ‘தி லிவிங் டிரடிஷன்’ ஆகிய கட்டுரைத் தொகுப்புகள் வெளிவந்தன. மரபு என்பது காத்துவைக்க வேண்டிய பெட்டகம் அன்று. பேசப் பேச மாறும் மொழி போன்றது என்பது இவற்றின் சாரம்.

இக்கொள்கை படைப்புகளில் எவ்வாறு செயற்படுகின்றது? லக்னோ ரவீந்திராலயத்தின் முகப்பில் 1963இல் அவர் அமைத்த பெருஞ்சுவர்ப் படைப்பு, தாகூரின் ‘ராஜா’ நாடகத்தைக் கருவாகக் கொண்டது. இருளில் மட்டுமே இருந்து எவர் கண்ணுக்கும் புலப்படாத அரசன் பற்றிய நாடகம் அது. காணவியலாத ஒருவனைக் காட்சிக்கலை எவ்வாறு காட்டும் என்பது கடினமான சிக்கல். ஆயிரக்கணக்கான சுடுமண் ஓடுகளை அடுக்கி, ஒவ்வோர் ஓட்டையும் எழுத்தைப் போல் கையாண்டு, அவ்வெழுத்துகளின் சேர்க்கையில் மாந்தரும் மாளிகையும் உருப்பெற்று மறையுமாறு அவர் அமைத்தார். ஓடு வேய்பவரின் தொழில்நுட்பமே இங்குத் தத்துவத்தைச் சுமக்கிறது.

1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது அவர் படைத்த சுடுமண் புடைப்புச் சிற்பங்கள் வேறு தன்மையின. ‘ஜெனரல்களும் வெற்றிச் சின்னங்களும்’ என்னும் படைப்பில் படைத்தலைவர்களின் உடல்கள் பதக்கங்களோடு உப்பித் தோன்றுகின்றன. அருகே சிதைந்த உறுப்புகள். ஈரக்களிமண்ணை உருட்டித் தட்டிக் கிள்ளி ஒட்டும் குயவரின் செயல்களே இங்கு வன்முறையின் தடயங்களாகின்றன. கிள்ளப்பட்ட மண் கிள்ளப்பட்ட தசையாக மாறுகிறது. பொருளும் பொருண்மையும் இவ்வளவு நெருங்கிய படைப்புகள் இந்திய நவீனக் கலையில் அரிது. நெருக்கடிநிலையை உருவகமாக்கிக் குழந்தைகளுக்கான படக்கதை வடிவில் அவர் தந்த நூலும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

கண்ணாடியின் பின்புறத்தில் வரையும் முறையையும் அவர் கையாண்டார். தஞ்சையிலும் வழக்கிலிருந்த இம்முறையில் முன்னால் தெரியவேண்டியதை முதலில் தீட்டவேண்டும்; பின்னணி இறுதியில் வரும். கலாபவன வடிவமைப்புக் கட்டடத்தின் சுவர்கள் முழுவதையும் கறுப்பு வெள்ளையில் நிறைத்த ஓவியமோ, அது மங்கியபின் 85ஆம் வயதில் அவரே சாரமேறி மீண்டும் தீட்டியது. கோலம் நாள்தோறும் அழிந்து நாள்தோறும் இடப்படுவது போன்றே அவர் சுவரோவியத்தையும் கருதினார் எனத் தோன்றுகிறது.

குறைகளும் உள. பிற்கால ஓவியங்களில் கைத்திறன் சில வேளைகளில் தன்னைத்தானே சுவைத்து நிற்கின்றது. பூனையும் பெண்ணும் தேவியும் அசுரனும் பழகிய சொற்களாக மீள்கின்றன. இதனினும் முதன்மையான குறை ஒன்றுண்டு. கைவினையின் மொழியை நுட்பமாகப் பேசிய அவருடைய எழுத்து, அம்மொழியைப் பேசுவோரின் சாதியையும் கூலியையும் கடனையும் அதே நுட்பத்தோடு பேசவில்லை. நெசவு அழகிய இலக்கணமாக இருக்கலாம். நெசவாளரின் மகன் தறியை விட்டு ஓட விரும்புவதற்கும் காரணங்கள் உள்ளன. வின்ஸ்டெட்டின் அறிக்கையை நினைவிற்கொண்டு படிக்கும் மலேசிய வாசகர்க்கு இவ்விடைவெளி உடனே புலப்படும்.

மலேசியச் சூழலில் பொருத்தப்பாடு

தஞ்சோங் மாலிம் கல்லூரி பல மாற்றங்களைக் கடந்து 1997இல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாயிற்று. இன்று அங்குக் கலைக்கல்வி பயில்வோரும் தமிழ்மொழிக் கல்வி பயில்வோரும் உள்ளனர். தமிழ்ப்பள்ளிகளின் காட்சிக்கலைக் கல்விப் பாடத்தில் மரபுக் கைவினை தனிக்கூறாக இடம்பெற்று வந்துள்ளது. பாத்தேக், பின்னல், மண்பாண்டம், வாவ் பட்டம் ஆகியவற்றை மாணவர் அறிகின்றனர். இஃது இன்றியமையாதது, இந்நாட்டுக் குழந்தை இந்நாட்டுக் கைவினையை அறிதல் வேண்டும். எனினும், அதே குழந்தையின் வீட்டுவாசற் கோலமும், தோட்டத்து மாரியம்மன் கோயிலின் சுதை உருவங்களும், பாட்டி கட்டிய பூச்சரமும் வகுப்பறைக்குள் எவ்வாறு நுழைகின்றன என்னும் வினா எஞ்சுகிறது. பண்டிகைக்கால அலங்காரமாக நுழைவது போதாது.

1971இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற தேசியப் பண்பாட்டு மாநாட்டுக்குப் பின், மரபு என்னும் சொல் இந்நாட்டில் உரிமைப் பூசலின் சொல்லாயிற்று. யாருடைய மரபு அடித்தளம், யாருடையது இணைப்பு என்னும் கணக்கில் கலைஞர்கள் பலர் சிக்கினர். கலைஞரும் ஆசிரியரும் விமரிசகருமாகிய ரெட்சா பியாடாசா (1939–2007) நிழற்படங்களைக் கொண்டு பல்லின மக்களின் முகங்களை அடுக்கிய ‘மலேசியத் தொடர்’ இக்கணக்கை மறுத்த முயற்சி எனலாம். சுப்பிரமணியனின் மொழிக்கொள்கை இங்குத் துணைபுரிகின்றது. மரபு சொத்தாக இருந்தால் பங்கிடவேண்டும். மொழியாக இருந்தால் கற்றுக்கொள்ளலாம். தமிழாசிரியர் பின்னலைக் கற்பதாலும் மலாய் மாணவர் கோலத்தின் புள்ளிக்கணக்கைக் கற்பதாலும் எவரும் எதையும் இழப்பதில்லை.

மேலே சுட்டிய குறையையும் நம் சூழலே நிறைவு செய்யக்கூடும். பேராவின் இரப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக மரம் வெட்டியோர், பட்டையை மெல்லிய சீவலாக, சரிவு பிறழாமல், உள்ளிருக்கும் வளர்படலத்தில் காயம் படாமல் சீவினர். ஆழம் குறைந்தால் பால் குறையும். மிகுந்தால் மரம் கெடும். விடியலுக்குமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான மரங்களில் இதனைச் செய்த கை, எவ்வளவு தேர்ந்த கை! அதனை எவரும் கைவினை என அழைத்ததில்லை. கூலிவேலை என்றே பதிவு செய்தனர். திறனை மதித்தல் என்பது அத்திறனைச் சுரண்டிய முறையை மறைப்பதாகாது. இரண்டையும் ஒருசேரக் கற்பிக்கும் கலைக்கல்வியே நமக்குத் தேவை.

முடிவுரை

சுப்பிரமணியன் 2016இல் வடோதராவில் மறைந்தார். பத்ம விபூஷண் உள்ளிட்ட விருதுகள் அவரை வந்தடைந்தன. அவரைத் தமிழர் என உரிமை கொண்டாடுவதில் பெரும்பயன் இல்லை. தமிழ்வீட்டில் பிறந்து, மலையாள மண்ணில் வளர்ந்து, வங்கத்தில் கற்று, குஜராத்தில் கற்பித்து, ஆங்கிலத்தில் எழுதிய ஒருவர், எம்மொழிச் சூழலிலும் தம் கையை மறவாதிருந்தார் என்பதே பல மொழிகளுக்கிடையே வாழும் மலேசியத் தமிழர்க்கு ஏற்ற செய்தி. நூறாண்டுக்கு முன் தஞ்சோங் மாலிமில் கைத்தொழில் கற்பிக்கப்பட்டது, மாணவனின் எல்லையை வரைவதற்காக. இன்று அங்கிருந்து தமிழ்ப்பள்ளிக்குச் செல்லும் ஆசிரியர், களிமண்ணையோ கோலமாவையோ மாணவர் கையில் தரும்போது, எந்நோக்கத்துக்காகத் தருகிறார் என்பதைத் தாமே தெளிந்திருத்தல் வேண்டும். அத்தெளிவைத் தருவதே கலைப் பேராசிரியரின் பணி. சுப்பிரமணியனின் படைப்புகளும் மாணவர்களும் அதற்குச் சான்று.