பெயரிடுதலும் கண்டடைதலும்: ஊவா மலையக எழுத்தும் இணையக் குறிச்சொற்களும்

நூலொன்று அச்சேறிய மாத்திரத்தே அதன் சமூகப் பணி தொடங்கிவிடுவதில்லை. தேடுவோர் கையில் அது அகப்படுதல் வேண்டும். சீர்காழியிற் பிறந்து, 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1931 இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டென்பதையும் ஒரு விதியாக வகுத்தார். நூலையும் வாசகரையும் இணைக்கும் பொறுப்பு நூலகருடையது என்பதே அதன் உட்கிடை. இன்று அப்பொறுப்பின் பெரும்பகுதி தேடுபொறிகளின் கைக்குச் சென்றுவிட்டது. மலையக இலக்கியத்தைப் பொறுத்தவரை இம்மாற்றத்தின் விளைவு யாது என்பதை ஊவாவை நிலைக்களனாகக் கொண்டு நோக்குவது பயனுடையதாகும்.

இணையப் பக்கமொன்றின் தலைப்பகுதியில், வாசகர் கண்ணுக்குப் புலப்படாது, பொறிக்கென எழுதப்படும் குறிப்புகள் மெட்டா குறிச்சொற்கள் எனப்படும். பக்கத்தின் பொருளைச் சுருங்கக் கூறும் விவரணமும், அதற்குரிய திறவுச்சொற்களும் இவற்றுள் முதன்மையானவை. 1995 இல் அல்டாவிஸ்டா தோன்றிய காலப்பகுதியில் தேடுபொறிகள் இக்குறிப்புகளைப் பெரிதும் நம்பின. வணிகர் அந்நம்பிக்கையைத் தமக்குச் சாதகமாக்கிக் கொண்டனர். பக்கத்திற்குத் தொடர்பற்ற சொற்களெல்லாம் திறவுச்சொற்களாகக் குவிக்கப்பட்டன. முடிவில், வரிசைப்படுத்தலுக்குத் திறவுச்சொற் குறிச்சொல்லைத் தாம் கருத்திற் கொள்வதில்லை எனக் கூகுள் நிறுவனம் 2009 இல் வெளிப்படையாக அறிவித்தது. விவரணக் குறிப்போ, தேடல் முடிவின் கீழ்த் தோன்றும் ஓரிரு வரிகளாக இன்றும் பயன்படக்கூடியது. வாசகர் அவ்வரிகளைப் படித்தே உள்ளே செல்வதா, விலகுவதா எனத் தீர்மானிக்கின்றார்.

பொறிகள் முழுப் பாடத்தையுமே படிக்கவல்லனவாகிவிட்ட பின்னர் இத்தகைய குறிப்புகள் எதற்கு எனச் சிலர் வினவலாம். ஆங்கிலப் பக்கங்களைப் பொறுத்தவரை இவ்வினாவில் ஓரளவு நியாயம் உண்டு. ஈழத்துத் தமிழ்ப் பக்கங்களின் நிலை வேறு. பாமினி முதலான எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்டவை திரையில் தமிழாகத் தோன்றினும், பொறிக்கு அவை பொருளற்ற உரோம எழுத்துக் கோவைகளே. பழைய நூல்களும் சஞ்சிகைகளுமோ பெரும்பாலும் ஒளிப்படப் பக்கங்களாகவே எண்ணிமமாக்கப்பட்டுள்ளன. அவற்றின் எழுத்துகள் பாடமாக மாற்றப்படாதவிடத்துப் பொறி படிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. பக்கத்தின் தலைப்பும் விவரணமுமே அந்நூலுக்கு வாயாகவும் முகமாகவும் அமைகின்றன.

2005 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து எழுத்துகளை அழிவினின்றும் காத்துவரும் அரும்பணி போற்றுதற்குரியது. ஆயினும் காத்தல் வேறு, கண்டடையச் செய்தல் வேறு. ஆசிரியர், வகை, மொழி, வெளியீட்டாளர், ஆண்டு என அமையும் வழமையான நூல் விவரக்குறிப்பு நூலை இனங்காட்டும். அது எம்மக்களைப் பற்றியது, எந்நிலத்தில் நிகழ்வது என்பதைக் காட்டாது. ஹாலி-எலவை அண்மிய ஊவாகட்டவளைத் தோட்டத்தில் 1934 இற் பிறந்த தெளிவத்தை ஜோசப், பதுளைப் பகுதித் தோட்டமொன்றின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக் கொண்டவர். அவருடைய ‘காலங்கள் சாவதில்லை’ (1974) நாவல் என்ற அளவிலும், ‘நாமிருக்கும் நாடே’ (1979) சிறுகதைகள் என்ற அளவிலும் குறிக்கப்படின், ஆசிரியர் பெயரை ஏலவே அறிந்தவருக்கு மட்டுமே அவை கிட்டும். தம் வாழ்வைப் பற்றி எவரேனும் எழுதியுள்ளனரா எனத் தேடும் தோட்டத்து மாணவிக்கு அவை கிட்டா. யாருக்கு அந்நூல்கள் மிகவும் உரியனவோ அவருக்கே அவை மறைந்துநிற்கும் முரண்பாடு இது.

இடப்பெயர்களில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகின்றது. ஒன்பது சிகரங்கள் எனப் பொருள்படும் நமுனுகுல என்னும் சிங்களப் பெயர், 2000 மீற்றருக்கு மேல் உயர்ந்த மலையையும், அதன் அடிவாரத்து ஊரையும், பெருந்தோட்டக் கம்பனியொன்றையும் ஒருங்கே குறிப்பது. உலாப்பயணிக்கு அது காட்சி, பங்குதாரருக்கு முதலீடு, தொழிலாளிக்குப் பிறந்த மண். விவரணம் வேறுபடுத்திக் காட்டாவிடின், பணமும் பக்கங்களும் மிகுதியாக உடையோரின் பொருளே பெயரின் பொருளாக முன்னிற்கும். அன்றியும், நமுனுகுல, நமுனுகுலை எனத் தமிழெழுத்து வேறுபடுகின்றது. 2014 ஒக்டோபர் 29 அன்று மண்சரிவிற் புதையுண்ட கொஸ்லாந்தைத் தோட்டப் பகுதியும் மீரியபெத்த, மீரியாபெத்தை எனப் பலவாறு எழுதப்படுகின்றது. ஒரு வடிவத்தை மட்டும் அறிந்த தேடல் ஏனைய வடிவங்களில் எழுதப்பட்ட சாட்சியங்களைத் தவறவிடக் கூடும். இவற்றோடு, தோட்டத்திற்குத் துரைமார் இட்ட ஆங்கிலப் பெயரும் தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயரும் வேறாயிருத்தலும் உண்டு. முன்னது ஆவணங்களிலும் பின்னது நாட்டார் பாடல்களிலும் நிலைபெற்றுள்ளன.

மக்களுக்கிட்ட பெயர்கள் இதனினும் சிக்கலானவை. 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு இம்மக்களை இந்தியத் தமிழர் எனத் தனியே வகுத்தது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின் வழி தமிழ்நாட்டிற்கு அனுப்பப்பட்டோர் அங்கே தாயகம் திரும்பியோராயினர். மலையகத் தமிழர் என்பது போராட்டத்தினூடே அவர்கள் தாமே ஏற்றுக்கொண்ட பெயர். ஒரு குடும்பத்தின் வரலாறே இவ்வாறு மூன்று நான்கு குறிச்சொற்களின் கீழ்ச் சிதறிக் கிடக்கின்றது. பழைய பெயர்களை முற்றாக நீக்கிவிடுதல் தீர்வன்று. அவ்வாறு செய்யின் அப்பெயர்களின் கீழுள்ள ஆவணங்களுக்கான வழி அடைபடும். மக்கள் ஏற்ற பெயரைத் தலைச்சொல்லாகவும், பிறர் இட்ட பெயர்களை வரலாற்று மாற்றுப் பெயர்களாகவும் பதிவதே நேரிய முறையாகும். எழுத்து வேறுபாடுகளுக்கும் இது பொருந்தும். ஆயின் இம்மாற்றுப் பெயர்கள் மறைவான திறவுச்சொற்களாகவன்றி, வாசகரும் காணத்தக்க விவரத்தின் பகுதியாக அமைதல் வேண்டும்.

இங்கு விவரணக் குறிப்பின் உண்மை இயல்பு புலனாகின்றது. ‘தவறவிடக் கூடாத தமிழ்க் கதைகள்’ என்பது விளம்பரம். ‘தெளிவத்தை ஜோசப்பின் மலையகச் சிறுகதைகள், தோட்டத் தொழிலாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்டவை, 1979’ என்பது விவரணம். எதனைக் கூறுவது, எதனை விடுவது, எவருடைய சொல்லாற் கூறுவது என்னும் தெரிவுகள் அதில் அடங்கியுள்ளன. அவ்வகையில் அதுவும் திறனாய்வே. திறனாய்வின் மிகச் சிறிய வடிவம் எனலாம். ஆகவே அதனைத் தொழில்நுட்பவியலாளரிடம் மட்டும் விட்டுவிடுதல் தகாது. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மலையக நூல்களுக்குத் தனித்தனி விவரணங்களையும், ஊவாத் தோட்டங்களின் மாற்றுப் பெயர் அட்டவணையையும் தொகுக்க முன்வருதல் வேண்டும். தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களை நினைவில் வைத்திருக்கும் மூத்த தலைமுறை மறைவதற்கு முன்னரே இப்பணி தொடங்கப்படல் அவசியம்.