துயரம் (3)

சனிக்கிழமை காலை கோப்பிக் கடையில் அப்பாவும் நானும் ஒரே நாளிதழைப் பங்கு போட்டுக்கொள்வோம். செய்தி அவருக்கு, குறுக்கெழுத்து எனக்கு. போன வாரம் இடமிருந்து வலம் ஒரு குறிப்பு: துயரம், மூன்றெழுத்து. 'கவலை' என்று எழுதினேன். அப்பா எட்டிப் பார்த்து, "ஏம்மா, சோகம்னு இருக்கக்கூடாதா?" என்றார். இருக்கலாம்தான். அதுவும் மூன்றெழுத்து. குறுக்கே வரும் சொல் எனக்குப் பிடிபடவில்லை. மறுநாள் விடை வந்தது: சோகம்.

தோற்றதில் வருத்தமில்லை. யோசித்துத் தோற்கவில்லையே என்பதுதான் வருத்தம். நம் குறுக்கெழுத்துகளில் நான் பார்க்கும் குறிப்புகள் பெரும்பாலும் ஒத்தசொல் கேட்பவை. பள்ளியில் எழுதிய தமிழ்த் தேர்வுத்தாளின் மிச்சம் மாதிரி. தெரிந்தால் எழுது, தெரியாவிட்டால் நாளை வரை காத்திரு.

கட்டம் போடுபவரின் கஷ்டம் புரியாமல் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்கு 26 எழுத்து, நமக்கு 247. தமிழ்ச்சொல் மெய்யில் தொடங்கவும் தொடங்காது. 'சோகம்' முடியும் 'ம்' கட்டத்திலிருந்து கீழே ஒரு சொல் புறப்பட முடியாது. ஆனால் 'மரம்' கீழிருந்து ஏறி வந்து அங்கே முடியலாம். 'கீழிருந்து மேல்', 'வலமிருந்து இடம்' எல்லாம் நம்மைக் குழப்பத்தான் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். இப்போது அதில் மொழியின் இலக்கணம் தெரிகிறது. கட்டத்துக்கு இவ்வளவு மெனக்கெடுகிறவர்கள் குறிப்பை மட்டும் ஏன் அகராதியிடம் விட்டுவிடுகிறார்கள்?

1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் புதிரிலும் நேரடிக் குறிப்புகள்தான். 1926 முதல் லண்டன் 'அப்சர்வர்' இதழில் எட்வர்ட் போவிஸ் மாதர்ஸ் போட்ட புதிர்களில் குறிப்பே ஒரு மாறுவேட வாக்கியம். அவர் கவிதை மொழிபெயர்ப்பாளர் என்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை.

நாம் அங்கே போய் இரவல் வாங்கவும் வேண்டாம். ஒரே பாட்டில் பாம்பையும் எள்ளையும் வைத்த காளமேகம் நம்மிடம் இருக்கிறார். சிலேடையும் விடுகதையும் இருக்கின்றன. அத்தனையும் பாடப்புத்தகத்தில் கிடக்க, கட்டத்துக்குள் மட்டும் வருவதில்லை.

அப்பாவுக்கு நானே ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன்: கழுத்துக்கு வரும் பொழுது (2).

அவர் கோப்பியைக் கீழே வைத்தார். "கழுத்துக்கு வர்றப்போவா? கத்தியா?"

"அது மூணெழுத்துப்பா. 'வரும் பொழுது'ன்னு பிரிச்சு எழுதியிருக்கேன், பாருங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தார். "மாலை!" பொழுதும் அதுதான், கழுத்துக்கு வருவதும் அதுதான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பேப்பர்ல இப்படிப் போட்டா எத்தனை பேர் போடுவாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் 'மாலை' ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். கஷ்டம் சொல்லில் இல்லை, படித்துவிட்டோம் என்று நினைத்த வரியைத் திரும்பப் படிப்பதில் இருக்கிறது. கவிதையிலும் நான் அதைத்தானே செய்கிறேன்? தமிழ் என்றாலே மனப்பாடம் என்று பள்ளியோடு அதை விட்டுவிட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களிடம் இப்படி ஒரு குறிப்பை நீட்டிப் பார்க்க ஆசை.

என் 'கவலை'க்கும் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்: தலை போனால் மீனைப் பிடிக்கும் துயரம் (3).

இதில் சோகத்துக்கு இடமில்லை.