விடுபட்ட கேள்விக்குறி

வில்ஃப்ரட் ஓவன் 1918 நவம்பர் 4ஆம் தேதி, வடக்கு பிரான்ஸில் ஓர்ஸ் என்ற ஊருக்கருகே, கால்வாயைக் கடக்கும் சண்டையில் சுடப்பட்டு இறந்தார். வயது 25. ஒரு வாரத்தில் போர் முடிந்தது. ஷ்ரூஸ்பரியில் இருந்த பெற்றோருக்குத் தந்தி வந்தது நவம்பர் 11 அன்று, போர் நிறுத்தத்துக்காக ஊர் மணிகள் ஒலித்துக்கொண்டிருந்தபோது. இதைச் சொல்லாமல் ஓவனைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நானும் சொல்லிவிட்டேன், இனி ஒதுக்கி வைக்கலாம். அந்த மணியோசையில் கவிதைகள் காதில் விழாமல் போகின்றன என்பதே என் புகார்.

ஓர்ஸ் கல்லறையில் ஓவனுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே மாதிரிக் கல்தான். சிப்பாய், அதிகாரி என்ற வித்தியாசம் கிடையாது. கல்லின் அடியில் குடும்பத்தார் விரும்பியதைப் பொறித்துக்கொள்ளலாம். இடைவெளி உட்பட 66 எழுத்து என்று போர்க் கல்லறை ஆணையம் வரம்பு வைத்திருந்தது. தாய் சூசன், மகனுடைய ‘முடிவு’ என்ற சானெட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். அந்தக் கவிதையில் அடுத்தடுத்து இரண்டு கேள்விகள். மாண்ட உடல்களுக்கு வாழ்வு திரும்புமா என்பது ஒன்று. சாவே இல்லாமல் ஆக்கப்படுமா என்பது மற்றது. முதுமையையும் பூமியையும் கேட்டுப் பார்க்கிறார் கவிஞர். இரண்டிடமும் ஆறுதலான பதில் இல்லை. கல்லிலோ முதல் கேள்வி மட்டும் கேள்வியாக நிற்கிறது. இரண்டாவது பாதியில் வெட்டுப்பட்டு, கேள்விக்குறியை இழந்து, முதலாவதற்கு விடையாகிவிட்டது. கீழே மகனின் பெயரெழுத்துகள்.

இட நெருக்கடி என்று சமாதானம் சொல்லலாம். நாள் முழுக்க லெட்ஜரின் குறுகிய கட்டங்களுக்குள் எழுதுகிறவன் நான். ஒரு கேள்விக்குறிக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். கவிதை அறியாத தாயும் அல்ல. வீடு திரும்பிய மகனின் சட்டைப்பை நோட்டில் தாகூரின் வரிகளைக் கண்டு, முழுக் கவிதையும் எந்தப் புத்தகத்தில் கிடைக்கும் என்று 1920ல் தாகூருக்கே கடிதம் எழுதியவர். அடுத்தவர் கவிதை அவருக்கு முழுதாக வேண்டியிருந்தது. மகனின் கவிதையை முழுதாகத் தாங்க முடியவில்லை.

நம் பண்டிதர்கள் உடனே உவகைக்கலுழ்ச்சியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது வேறு. வெட்டுண்டு கிடந்த மகனின் உடலைக் கண்டு, ஈன்ற நாளினும் மகிழ்ந்த புறநானூற்றுத் தாய்க்கு வேண்டியது அவன் புறமுதுகு காட்டவில்லை என்ற உறுதி. சூசனுக்கு வேண்டியது மகன் திரும்ப எழுவான் என்ற உறுதி. வீரத்தைப் பற்றி அவர் கல்லில் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

விமர்சகர்கள் செய்ததும் வெட்டுத்தான். செயலற்ற துன்பம் கவிதைக்குப் பொருளாகாது என்று சொல்லி 1936ல் யேட்ஸ் தன் தொகுப்பில் ஓவனை அறவே விட்டார். போற்றியவர்கள் அவரைச் சமாதானத் தூதராக்கினார்கள். குண்டதிர்ச்சியால் 1917ல் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு மறுபடி முனைக்குப் போனவர். இறப்பதற்கு ஒரு மாதம் முன் நடந்த சண்டைக்காக ராணுவச் சிலுவைப் பதக்கம் பெற்றவர். போரை வெறுத்துக்கொண்டே திறமையாகப் போரிட்ட மனிதனின் முரண் இரு தரப்புக்கும் அசௌகரியம்.

அந்த முரண் கவிதையின் ஓசையிலேயே இருக்கிறது. ‘விநோதச் சந்திப்பு’ கவிதையில் வரியிறுதிச் சொற்கள் முழுதாக இயைவதில்லை. மெய்கள் அப்படியே நிற்க, நடுவில் உயிர் மட்டும் மாறிவிடுகிறது. நம் இலக்கணத்தின் சொற்களில் இதைச் சொல்லும்போதுதான் அதன் பொருத்தம் எனக்குப் பிடிபட்டது. காது இயைபை எதிர்பார்க்கிறது. கிடைப்பது அதன் உடல் மட்டுமே. ஆறுதல் தர மறுப்பதை ஓவன் கருத்தாக அல்ல, உருவமாகவே சாதித்தது இங்கேதான். ‘முடிவு’ இதனருகே வரத்தக்கதல்ல. கீட்ஸின் ஆடம்பரம் அதில் இன்னும் கலையவில்லை. கல்லில் ஏறியது அதுதான்.

உயிரோடிருந்தபோது ஓவனுக்கு அச்சானவை ஐந்தே கவிதைகள். மீதியெல்லாம் பிறர் கையால் வெளிவந்தவை. இறந்தவன் ப்ரூஃப் பார்க்க வர மாட்டான். தாய்க்குக் கல்லின் மேல் உரிமை உண்டு. அவரிடம் எனக்கு வழக்கில்லை. ஆனால் இளம் வயதில் இறந்த கவிஞனுக்கு அஞ்சலிப் பக்கங்கள் ஒதுக்கும் நாம் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. அவன் கேள்வியாக விட்டுப்போனதைக் கேள்வியாகவே அச்சுக்கோக்க வேண்டும்.